வெள்ளம் வந்தால் அது இறைவனின் கோபமா?

எங்கோ நிலநடுக்கம், எங்கோ வெள்ளம் என்று செய்தி வரும். அடுத்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வரும். 'அந்த ஊர்க்காரங்க செஞ்ச பாவம், ஆண்டவன் கோபம் இறங்கிடுச்சு!' எல்லா மதத்து குரூப்களிலும் இது நடக்கிறது. இஸ்லாத்தின் பெயரிலும் இப்படி நிறைய சுற்றுகின்றன. உண்மையில், இறைவனின் கோபம் பற்றி இஸ்லாம் என்ன சொல்கிறது? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

கோபம் உண்டு... ஆனால்?

அல்லாஹ் கோபம் கொள்வான் என்பதைக் குர்ஆன் மறைக்கவில்லை. இறைநம்பிக்கையாளர் ஒருவரை வேண்டுமென்றே கொலை செய்பவர்மீது கோபம் இறங்கும் என்கிறது (4:93). உண்ணக் கொடுத்ததில் வரம்பு மீறாதீர்கள் என்று எச்சரிக்கிறது (20:81). நூஹ் நபி காலத்துப் பெருவெள்ளம், ஆது, ஸமூது கூட்டத்தாரின் அழிவு எல்லாம் குர்ஆனில் இருக்கின்றன.

ஆனால், அது நம் கோபம் போன்றதல்ல என்கிறார்கள் அறிஞர்கள். நமக்குக் கோபம் வந்தால் ரத்தம் கொதிக்கும், நிதானம் போகும், பிறகு வருத்தப்படுவோம். படைத்தவனை அப்படிக் கற்பனை செய்யக் கூடாது என்பது இஸ்லாமிய நம்பிக்கை. கருணைதான் கோபத்தை முந்தி நிற்கிறது என்று அல்லாஹ்வே எழுதிவைத்திருப்பதாக ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113, அவனுடைய கருணையைச் சொல்லித்தான் தொடங்குகின்றன.

ஐந்து வேளைக் கடமையான தொழுகைகளில் மொத்தம் 17 ரக்அத்கள். ஒவ்வொன்றிலும் இடம்பெறும் அல்-ஃபாத்திஹா அத்தியாயத்தின் கடைசி வசனத்தை அறிஞர்கள் நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள். அருளைச் சொல்லும்போது, அதைத் தந்தவன் நீ என்று இறைவனிடம் நேராகப் பேசுகிறது அந்த வசனம். கோபத்துக்கு ஆளானவர்களைச் சொல்லும்போது, கோபம் யாருடையது என்று சொல்லாமலே கடந்துவிடுகிறது.

யார் பயப்பட வேண்டும்?

மேகம் திரண்டு காற்று வீசினால் நபிகள் நாயகத்தின் (ஸல்) முகம் மாறிவிடுமாம். வீட்டுக்குள் போவார், வெளியே வருவார். மழை பெய்யத் தொடங்கிய பிறகுதான் நிம்மதி. 'மேகத்தைக் கண்டால் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்களே, நீங்கள் ஏன் கலங்குகிறீர்கள்?' என்ற பொருளில் ஆயிஷா (ரலி) கேட்டார். ஆது கூட்டத்தாரும் மேகத்தைப் பார்த்து மழை என்றுதான் நினைத்தார்கள், இதுவும் வேதனையாக இருந்துவிடுமோ என்ற அச்சம்தான் என்பது அவர் பதிலின் சாரம்.

கவனியுங்கள். அவர் பயந்தது தமக்காகவும் தம்முடைய மக்களுக்காகவும். அடுத்த ஊரைக் கைகாட்டவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் நாகப்பட்டினம் போலவே, அதைவிடப் பல மடங்கு, சிதைந்தது இந்தோனேசியாவின் ஆச்சே. அந்த நாட்டில் மட்டும் 1.5 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஆச்சே முஸ்லிம்களில் சிலர் அதை இறைவனின் தண்டனை என்றார்கள். சிலர் சோதனை என்றார்கள். கையிலிருந்து குழந்தை நழுவிப்போன ஒரு தாயின் காதில் 'தண்டனை' என்ற சொல் எப்படி விழுந்திருக்கும்?

அந்தத் தாய்க்கும் இஸ்லாத்தில் பதில் இருக்கிறது. நீரில் மூழ்கி இறந்தவர், இடிபாடுகளில் சிக்கி இறந்தவர், கொள்ளைநோயில் இறந்தவர் ஆகியோரை ஷஹீத்களில், அதாவது உயிர்த்தியாகிகளில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் நபிகள் நாயகம். ஆச்சே மக்களும் சுனாமியில் போனவர்களை அப்படியே அழைக்கிறார்கள். ஒரே அலையில் போனவர்களை ஃபார்வர்டு பாவிகள் என்கிறது. நபிமொழி ஷஹீத்கள் என்கிறது.

பழைய கூட்டத்தார் தண்டிக்கப்பட்டதைக் குர்ஆன் சொல்வதால் முஸ்லிம்கள் நம்புகிறார்கள். இன்றைய வெள்ளத்துக்கு அப்படி ஒரு காரணத்தைச் சொல்ல வேத அறிவிப்பு எதுவும் வருவதில்லை. அந்த அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே என்பதும் நம்பிக்கையின் ஒரு பகுதிதான்.

சரி, கோபத்துக்குப் பயப்படுபவர் என்ன செய்யலாம்? தன் தவறுக்கு மன்னிப்புக் கேட்பது, அதாவது தவ்பா. அப்புறம் தர்மம். தர்மம் இறைவனின் கோபத்தை அணைக்கும் என்றொரு நபிமொழி உண்டு. அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தால், அனுப்பியவருக்கு நிவாரண நிதியின் அக்கவுன்ட் நம்பரைப் பதிலாக அனுப்பிப் பாருங்களேன்!