சோலர் போடலாமா? வீட்டில் நாங்கள் போட்ட கணக்கு



ரெண்டு மாதமாக எங்கட வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே கதை, சோலர்தான். வந்த கொம்பனிக்காரர் 5 கிலோவாட்டுக்கு 9 இலட்சத்து 50 ஆயிரம் சொன்னார். "நாலு வருஷத்துல போட்ட காசு வந்துடும் சேர், அதுக்குப் பிறகு எல்லாம் லாபம்" என்றார். ரெண்டு பேரும் கணிதம் படிப்பிக்கிற வீட்டில் வந்து இதைச் சொன்னதுதான் அவர் விட்ட பிழை.

எங்கட பாவனை மாதம் 160 அலகு அளவில். பில் 4,800 ரூபாய். 5 கிலோவாட் மாதம் 550 அலகு தரும் என்று வைப்போம். எங்கட தேவை போக 390 அலகு மின்சார சபைக்குப் போகும். 2025இல் நிர்ணயித்த விலைப்படி புதிதாக இணைகிற 5 கிலோவாட் வரையான வீட்டுக்கு அலகுக்கு 20 ரூபாய் 90 சதம். அது 8,150 ரூபாய். பில்லும் முழுசா மிச்சம் என்று பிடித்தாலும் மாதம் 13,000ஐ எட்டாது. 9 இலட்சத்து 50 ஆயிரத்தை அதால் பிரித்தால் ஆறு வருஷம் தாண்டுகிறது.

அப்ப அந்த நாலு வருஷம் எங்கால வந்தது? 20.90க்குப் பதிலா 37 ரூபாய் போட்டுப் பார்த்தோம். சரியா நாலு வருஷம் வந்தது. 2022இல் அறிவித்த விலை அது. 2024இல் 27 ஆகி, பிறகு இன்னும் இறங்கிவிட்டது. அந்தக் காலத்தில் போட்டவர்களுக்கு ஒப்பந்தப்படி 20 வருஷத்துக்குப் பழைய விலை கிடைக்கும். அவர் காட்டிய பக்கத்துத் தெருக்காரரின் பில் பொய்யில்லை. ஆனா அது எங்களுக்குரிய பில்லும் இல்லை.

அடுத்தது காசு. வட்டிக்கு எடுக்கிறதில்லை என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. முராபஹா முறையில் கேட்டோம். ஐந்து வருஷத்துக்கு மாதம் 21,600. மொத்தம் 12 இலட்சத்து 96 ஆயிரம். சோலர் தருவது 13,000 என்றால் மாதா மாதம் 8,600 எங்கட சம்பளத்திலிருந்து போகும். போட்டது திரும்ப எட்டு வருஷத்துக்கு மேல். பேனல் இருபது, இருபத்தைந்து வருஷம் நிற்கும், இன்வெர்ட்டர் அவ்வளவு நிற்காது. கடல் காற்று அடிக்கிற ஊரில் அதை நம்பிக் கணக்குப் போட ஏலாது.

இன்னொன்று. "கரண்ட் போனாலும் உங்கட வீட்டில லைட் எரியும்" என்றும் சொன்னார். பெட்டரி இல்லாத சாதாரண ஒன்கிரிட் சோலர், லைன் செத்தால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவரை எங்கட கூரைக் கரண்ட் தாக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 2022இல் 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நினைப்பில் சோலர் போடுகிற எத்தனையோ பேருக்கு இது தெரியாது. பெட்டரி சேர்த்தால் விலை வேறு.

சபையைத் திட்டவும் மனமில்லை. எல்லாக் கூரையும் பகல் 12 மணிக்குத்தான் கொட்டுது. நாட்டுக்குக் கரண்ட் தேவைப்படுவது மஃரிபுக்குப் பிறகு. 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில் பகலில் சோலரை நிறுத்தி வைக்கச் சொன்னதும் அதனால்தான். ஆனா விலையை இப்படி இறக்கும்போது, கடன் வாங்கிப் போட நினைக்கிற சம்பளக்காரனுக்குப் பழைய பில்லைக் காட்டி விற்கிறவனையும் யாராவது கேட்க வேண்டும்.

அதால நாங்கள் எடுத்த முடிவு 2 கிலோவாட். விலை 4 இலட்சத்து 80 ஆயிரம். மாதம் 220 அலகு வந்தால் எங்கட பாவனை முடிந்து 60 அலகு மிஞ்சும். மாதம் ஆறாயிரம் சொச்சம் மிச்சம். திரும்ப ஆறரை வருஷம், கிட்டத்தட்ட அதே காலம்தான். வித்தியாசம், சீட்டுக்காசு கையிலிருக்கு, யாருக்கும் தவணை இல்லை. "சேர், இவ்வளவு சின்னதா போடுறது வீண்" என்று கொம்பனிக்காரர் முகம் சுளித்தார். வியாபாரம் செய்ய நாங்கள் கூரை கட்டவில்லை என்று வீட்டுக்காரி சொல்லி அனுப்பிவிட்டா.

இனி கூரை. எங்கடது பழைய சீட், அடியில் இருக்கிற மரம் பாரம் தாங்குமா என்று மேசனார் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து பார்க்கிறதாகச் சொல்லியிருக்கிறார். மரம் மாற்றச் சொன்னால் இந்தக் கணக்கை இன்னொரு தடவை போட வேண்டியதுதான்.