"தண்ணி ஒத்துக்கல" என்று ஒரு நோய் கிடையாது

1/ புதுசா ஹாஸ்டல்ல சேர்ந்த பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி, வயித்தால போகுதுன்னா நம்ம ஊர்ல எல்லார்கிட்டயும் ஒரு பதில் ரெடியா இருக்கும். "புது இடம்ல... தண்ணி ஒத்துக்கல." வார்டன் சொல்றார், அம்மா சொல்றாங்க, பக்கத்துக் கட்டில் பையன் சொல்றான். சில சமயம் எங்க ஆளுங்களே, டாக்டர்களே சொல்றாங்க. இந்த இழையை நான் எழுதுறது ஒரே விஷயத்துக்காகத்தான். அந்தப் பதிலை இனிமே நீங்க ஏத்துக்காதீங்க.

2/ திருச்சி காலேஜ்களோட ஊர். செயின்ட் ஜோசப்ஸ் 1844-ல நாகப்பட்டினத்துல ஆரம்பிச்சு 1883-ல இங்க வந்தது. அப்புறம் நேஷனல், ஹோலி கிராஸ், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், துவாக்குடி என்.ஐ.டி., பாரதிதாசன் பல்கலைக்கழகம், நாவலூர் குட்டப்பட்டுல சட்டப் பல்கலைக்கழகம்னு வரிசை நீளுது. வருஷா வருஷம் ஜூன், ஜூலையில துறையூர், மணப்பாறை, அரியலூர், அறந்தாங்கிலேர்ந்து பெட்டி, பாய், பக்கெட்டோட பிள்ளைங்க வந்து இறங்குறாங்க. காலேஜ் விடுதியில இடம் கிடைச்சா அங்க. கிடைக்கலேன்னா தில்லைநகர், ஸ்ரீரங்கம் பக்கம் வீட்டு மாடியை அறை அறையாத் தடுத்து விட்ட தனியார் விடுதி.

3/ ஆடி முடிஞ்சு ஆவணி பொறக்குறப்போ அதுல சில பிள்ளைங்களை நாங்க அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில பார்க்கிறோம். கண்ணு மஞ்சள், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், ஒண்ணுக்கு தேயிலைத் தண்ணி நிறத்துல. கேட்டா அதே பதில்தான்: "தண்ணி ஒத்துக்கல சார்."

4/ எந்தத் தண்ணி ஒத்துக்கலங்க? இந்த ஊர் குடிக்கிறது காவிரி, கொள்ளிடம் தண்ணி. முக்கொம்புல ஆறு ரெண்டாப் பிரிஞ்சு ஸ்ரீரங்கத்தையே தீவா ஆக்கி ஓடுது. இதே காவிரித் தண்ணியைத் திருச்சி பக்கத்துலேர்ந்து எடுத்து புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல அனுப்புறோம். ராமநாதபுரத்துல அதைக் குடிச்சு வளர்ந்த பையனுக்கு, அது புறப்பட்ட ஊருக்கே வந்து குடிச்சா ஒத்துக்காமப் போகுமா?

5/ நியாயமாப் பேசுவோம். ஊர் மாறினா, சாப்பாட்டு நேரம் மாறினா, காரம் மாறினா ரெண்டு நாள் வயிறு இளகலாம். தண்ணியில உப்பு கூடக் குறைய இருந்தாலும் அப்படி ஆகலாம். அது தானா சரியாகும். ஆனா காய்ச்சலும் மஞ்சள் கண்ணும் தண்ணி மாறினதால வராது. தண்ணியில மலம் கலந்ததால வரும். கேட்க அசிங்கமா இருக்கலாம். "ஒத்துக்கல"ங்கிற மரியாதையான வார்த்தை மூடி மறைக்கிறது இந்த அசிங்கத்தைத்தான்.

6/ இளவயசுல நாங்க அதிகமாப் பார்க்குற காமாலை ஹெபடைடிஸ் ஏ. ஒரு தலைமுறைக்கு முன்னாடி நம்ம குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த வைரஸ் சின்ன வயசுலயே வந்து போயிடும். ஆறு வயசுக்குள்ள வந்தா பல பேருக்கு அறிகுறியே தெரியாது. ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்தி இருக்கும். இப்போ வீட்டுக்கு வீடு கழிப்பறை, கேன் தண்ணி, வடிகட்டி. நல்ல விஷயம்தான். ஆனா 18 வயசு வரைக்கும் இந்த வைரஸைப் பார்க்காத உடம்பு முதல் தடவை அதைச் சந்திக்கிற இடம் ஹாஸ்டலா ஆகிப்போச்சு. அந்த வயசுல வந்தா பெரும்பாலும் காமாலையாத்தான் வெளிப்படும். சிலருக்குக் கல்லீரலே செயலிழக்கலாம்.

7/ "தம்பி வீட்டுலேர்ந்தே கொண்டு வந்திருப்பான்"னு விடுதிக்காரர் சொல்வார். கணக்குப் போடுங்க. ஹெபடைடிஸ் ஏ உள்ள போய் நோயா வெளிய வர 15 முதல் 50 நாள், சராசரியா நாலு வாரம். டைஃபாய்டுக்குப் பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து மூணு வாரம். ஜூலை முதல் வாரம் சேர்ந்த பையனுக்கு ஆகஸ்ட் கடைசியில கண்ணு மஞ்சளானா, அவன் அந்த வைரஸை எங்க குடிச்சான்? காலண்டரே சாட்சி சொல்லும்.

8/ ஆத்துலேர்ந்து வர்ற தண்ணியைச் சுத்திகரிச்சுத்தான் குழாய்ல விடுறாங்க. குழாய்ல உடைப்பு இருந்தா வழியிலயே சாக்கடை கலக்கலாம், அது மாநகராட்சி பார்க்க வேண்டியது. அதைத் தாண்டி உங்க டம்ளர் வரைக்கும் இருக்கிற தூரம் முழுக்க விடுதிக்காரரோட பொறுப்பு. கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்துல விரிசல் விட்ட சம்ப். மூடி உடைஞ்ச மேல்தொட்டி. ஆர்.ஓ. மெஷின். "எங்ககிட்ட ஆர்.ஓ. இருக்கு சார்"னு பெருமையாச் சொல்வாங்க. ஆர்.ஓ. கிருமியை எடுக்கும், சரி. கூடவே குளோரினையும் எடுத்துடும். அதுலேர்ந்து வந்த தண்ணி கழுவாத எவர்சில்வர் டிரம்முல நின்னா, மறுபடி விழுற கிருமியைத் தடுக்க அதுல ஒண்ணுமே இல்ல.

9/ இன்னொரு வழக்கம் இருக்கு. மெஸ்ல "வெந்நீர்" வைப்பாங்க. கொதிச்ச தண்ணி வாய் சுடுதுன்னு அதுல பச்சைத் தண்ணியைக் கலந்து வெதுவெதுப்பா ஆக்கித் தருவாங்க. கொதிக்க வெச்ச பலன் அந்த ஒரு குடம் பச்சைத் தண்ணியிலயே போயிடுச்சு. கேரளாவுல 2024-ல மலப்புரம் மாவட்டத்துல ஹெபடைடிஸ் ஏ பரவி உயிர்கள் போன சமயத்துல, சுகாதாரத் துறை மக்கள்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னது கொதிக்க வெச்ச தண்ணியைக் குடிங்கன்னுதான்.

10/ இதைத் தடுக்க எவ்வளவு செலவாகும்? ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். கலந்து அரை மணி நேரம் விடணும். குழாய்ல பிடிக்கிற தண்ணியில லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கணும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. ரெண்டு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற சோதனைதான். பவுடர் செலவு ஒரு டீக்காசுகூட ஆகாது. ஆக, காசில்லாம இது நடக்காம இல்ல. கேட்க ஆள் இல்லாமத்தான் நடக்கல.

11/ இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பையனுக்கு உடம்பு முடியலேன்னதும் விடுதியில முதல்ல சொல்ற வார்த்தை என்ன? "ஊருக்குப் போயிட்டு வா." கேட்க அக்கறையாத்தான் இருக்கு. பிள்ளைக்கும் அம்மா மடி வேணும். ஆனா இதனால என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரே விடுதியில எட்டுப் பேருக்குக் காமாலை. ஒருத்தன் பெரம்பலூர்ல ஊசி போட்டுக்கிறான். ஒருத்தன் கரூர்ல. ஒருத்தன் ஜெயங்கொண்டத்துல கீழாநெல்லி குடிக்கிறான். ஒரே இடத்துல எட்டுப் பேருன்னா அது கொள்ளைநோய். எட்டு ஊர்ல ஆளுக்கு ஒண்ணுன்னா அது வெறும் காமாலை.

12/ எட்டு டாக்டருக்கும் சந்தேகம் வராது. சுகாதார ஆய்வாளர் அந்த விடுதிக்குப் போகமாட்டார். தொட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் காரணம் இருக்காது. ஒன்பதாவது பையன் அதே குழாய்ல தண்ணி பிடிச்சுக்கிட்டு இருப்பான். காமாலை கண்ணுல தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே மலத்துல வைரஸ் வெளியேற ஆரம்பிச்சிடும். அதனால ஊருக்குப் போன பையன் வீட்டுக்கும் ஆபத்து. அங்க கர்ப்பிணி அக்கா இருக்கலாம், கல்லீரல் கெட்ட அப்பா இருக்கலாம்.

13/ நான் டியூட்டி பார்த்த ஒரு ஓ.பி.யில ஒரே காலையில மூணு பசங்க. மூணு பேருக்கும் கண்ணு மஞ்சள். சீட்டுல மூணு வேற வேற ஊர். "இங்க எங்கப்பா தங்கியிருக்கீங்க?"ன்னு கேட்டப்போதான் மூணு பேரும் ஒரே கட்டடம், வேற வேற மாடின்னு தெரிஞ்சது. அவங்களுக்கே ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. சீட்டுல சொந்த ஊர்தான் எழுதுவாங்க, விடுதி பேருக்கு அதுல இடமே இல்ல. அன்னைக்கு அது வெளிய வந்தது தற்செயல். பொதுச் சுகாதாரம் தற்செயலை நம்பி ஓடக்கூடாது.

14/ 1854-ல லண்டன்ல காலரா. ஜான் ஸ்நோங்கிற டாக்டர் எந்தெந்த வீட்டுல சாவுன்னு வீடு வீடாக் கணக்கெடுத்து, பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பைச் சுட்டிக் காட்டினார். ரொம்பத் தூரத்துல ஹாம்ப்ஸ்டெட்ல ஒரு விதவைப் பெண்ணும் காலராவுல இறந்திருந்தாங்க. விசாரிச்சா, அந்தத் தண்ணியோட ருசி பிடிச்சுப்போய் பிராட் ஸ்ட்ரீட்லேர்ந்து தினமும் வரவழைச்சுக் குடிச்சிருக்காங்க. எங்க இறந்தாங்கன்னு மட்டும் பார்த்திருந்தா அந்த உண்மை தப்பிப் போயிருக்கும். எங்க தண்ணி குடிச்சாங்கன்னு அவர் கேட்டார். 170 வருஷம் கழிச்சு நம்ம ஓ.பி. சீட்டு இன்னும் ஊரைத்தான் கேட்குது.

15/ "பசங்க வெளிய பானிபூரி சாப்பிட்டிருப்பாங்க சார்." சரி, இருக்கலாம். அப்படின்னா அதையும் கண்டுபிடிக்கணும்தானே? யார் யாருக்கு வந்தது, யார் எங்க சாப்பிட்டாங்கன்னு பட்டியல் போட்டா பானிபூரிக் கடையா மேல்தொட்டியான்னு ஒரே நாள்ல தெரிஞ்சிடும். பட்டியலே போடாம கடைக்காரர் மேல பழி போடுறது தப்பிக்கிற வழி.

16/ "விடுதிப் பேர் கெட்டுடும் சார்." 2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில உணவு நஞ்சாகி 150 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. யார் எங்க இருக்காங்கன்னு சரியான தகவல் இல்ல. தோழிகள் செத்துட்டாங்கன்னு வதந்தி கிளம்பிச்சு. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்தாங்க. ஆலை மூடிச்சு. தங்குமிடமும் சாப்பாட்டுக்கூடமும் தரமா இல்லைன்னு ஆப்பிள் நிறுவனமே ஒத்துக்கிச்சு. பேர் கெட்டது உண்மையைச் சொன்னதாலயா, மறைச்சதாலயா?

17/ திருச்சியிலயே நல்ல உதாரணம் இருக்கு. அப்துல் கலாம் 1950-கள்ல செயின்ட் ஜோசப்ஸ் விடுதியில தங்கிப் படிச்சவர். அறையில கூட இருந்தவங்க ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருத்தர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருத்தர். ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர் ஆனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியோட ரெக்டரையே சாப்பிடக் கூப்பிட்டார், அவரும் வந்து சாப்பிட்டார். தன் சுயசரிதையில அவரே சொல்லியிருக்கார். மாணவன் கையில மெஸ், அதே பந்தியில நிர்வாகி. எழுபது வருஷம் முன்னாடி முடிஞ்சது இன்னைக்கு ஏன் முடியாது?

18/ சட்டம் இல்லாமலும் இல்ல. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம்னு 2014-லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தாச்சு. மெஸ்ஸுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேணும். சமையல்காரங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை, டைஃபாய்டு மாதிரி நோய்களுக்குத் தடுப்பூசி. எல்லாம் விதியில இருக்கு. ஆனா 2014 சட்டம் வளர்ந்த ஆண்பிள்ளைங்க தங்குற விடுதிக்குப் பொருந்தாது. அவங்க என்ன கல்லைத் தின்னு செரிக்கிற ஜாதியா?

19/ அதனால நான் கேட்கிறது அஞ்சு விஷயம்.
ஒண்ணு: மேல்தொட்டி, சம்ப் கழுவின தேதி சுவத்துல பெயிண்ட்ல எழுதியிருக்கணும்.
ரெண்டு: தினமும் குளோரின் அளவு மெஸ் கரும்பலகையில.
மூணு: ஒவ்வொரு விடுதியிலயும் காய்ச்சல் நோட்டு. யாருக்கு, என்னைக்கு, என்ன அறிகுறி.
நாலு: ஒரே வாரத்துல மூணு பேருக்கு ஒரே தொந்தரவுன்னா, ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நகர்நல அலுவலருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தகவல்.
அஞ்சு: வார்டனும் அதே தண்ணியைக் குடிச்சு அதே சாப்பாட்டைச் சாப்பிடணும்.

20/ எங்க பக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கு. ஓ.பி. சீட்டுல "தற்போது தங்கியிருக்கும் இடம்"னு ஒரு வரி சேர்க்கணும். நாங்க நோய்க் கண்காணிப்புத் தளத்துல பதியறோம். சொந்த ஊரைப் பதிஞ்சா வரைபடத்துல புள்ளி தப்பான மாவட்டத்துல விழும். 1939-லயே பொதுச் சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம் நம்மளது. ஒரு வரி சேர்க்கிறது பெரிய விஷயமில்ல.

21/ ஹாஸ்டல்ல இருக்கிற தம்பி தங்கச்சிகளே, எந்த டாக்டர்கிட்ட போனாலும், எந்த ஊர்ல போனாலும் முதல்ல விடுதி பேரைச் சொல்லுங்க. "என் கூட இன்னும் ரெண்டு பேருக்கு இருக்கு"ங்கிறதைச் சொல்லுங்க. காமாலைன்னா நாட்டு மருந்தைத் தேடிப் போகாதீங்க, காய்ச்சல் மாத்திரையை இஷ்டத்துக்குப் போடாதீங்க. நிக்காத வாந்தி, அதிகத் தூக்கம், குழப்பமான பேச்சு, எங்கேயாவது ரத்தக் கசிவு, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. சந்தேகம் இருந்தா 104-க்கு அடிங்க.

22/ பெற்றோர்களே, ஹெபடைடிஸ் ஏ-வுக்குத் தடுப்பூசி இருக்கு. ஆனா அரசு இலவசப் பட்டியல்ல இல்ல, தனியார்ல காசு கொடுத்துப் போடணும். முடிஞ்சவங்க போடுங்க. முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தொட்டிதான் தடுப்பூசி. அதனாலதான் தொட்டியைப் பத்தி இவ்வளவு பேசுறேன்.

23/ அடுத்த தடவை பிள்ளையை விடுதியில விடப் போறப்போ, கட்டில் எப்படி, வைஃபை இருக்கா, வாடகை எவ்வளவுன்னு கேட்கிறதோட இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்க: "தண்ணித் தொட்டி கடைசியா என்னைக்குக் கழுவினீங்க?" பதில் தேதியா வரணும். "ரெகுலராக் கழுவுவோம்ங்க"ன்னு வந்தா, மாடிப்படி எங்க இருக்குன்னு கேட்டு ஏறிப் போய் மூடியைத் திறந்து பாருங்க.