திரையும் பேச்சும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவின் எண்ணைத் தாங்கிய பலகைகள் அங்கே நிற்கின்றன. ஓட்டுநர் ஒரு நொடியில் படித்துவிட்டுச் சாலையை நோக்குகிறார். அப்பலகையில் மலையின் வரலாற்றையும் எழுதி வைத்தால் என்னவாகும்? வகுப்பறைகளில் இன்று காட்டப்படும் படவில்லைகள் பலவும் அத்தகைய பலகைகளாகவே உள்ளன என்பது என் கருத்து.

‘சேர்வராயன் மலை’ என்னும் தலைப்பில் மாணவர் ஒருவர் உரை நிகழ்த்துவதாகக் கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், ஏரி, ஆர்க்கிட் பூங்கா, காப்பி, மிளகு, பாக்சைட், கோடை விழா என அனைத்தையும் ஒரே வில்லையில் அடுக்கி வரிவரியாகப் படிப்பார். அவர் இரண்டாம் வரியை முடிப்பதற்குள் கேட்போர் எட்டாம் வரியைப் படித்திருப்பர். அதன்பின் அவருடைய குரலுக்கு அங்கு வேலையில்லை.

மாறாக, அவர் ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்ளட்டும்: காப்பித் தோட்டத்தின் நிழல் மரங்களை வெட்டினால் என்ன நேரும்? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் இம்மலைக்கு வந்த காப்பி, சில்வர் ஓக் முதலிய மரங்களின் நிழலில் வளர்வது. நிழல் குறைந்து வெயில் படும் அராபிகா செடிகளையே வெண் தண்டுத்துளைப்பான் என்னும் வண்டு மிகுதியாக நாடுகிறது. அதன் புழு தண்டைக் குடைந்து செல்ல, செடி வாடிப் பட்டுப்போகிறது. இதனை ஐந்து வரிகளில் எழுதுவதைவிட, பிளந்த தண்டில் புழு குடைந்த வழியைக் காட்டும் ஒளிப்படம் ஒன்று போதும். தலைப்பாக ‘நிழல் குறைந்தால் துளைப்பான் பெருகும்’ என்னும் முழுத்தொடர் இருக்கட்டும்; ‘காப்பி’ என்னும் ஒற்றைச்சொல் எதையும் கூறாது. எஞ்சியவற்றை மாணவரே பேச வேண்டும்.

இது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டுப் படவில்லைகளாக அளித்தனர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. மோதிய துண்டு, சோதனைகளில் பயன்பட்டதைவிட 600 மடங்குக்கும் மேல் பெரியது என்னும் உண்மையோ சிறிய எழுத்தில் அடிவரியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். விபத்துக்கு அவ்வில்லை காரணமன்று. ஆயினும் தொழில்நுட்ப அறிக்கைக்கு மாற்றாகப் படவில்லைகளைப் பயன்படுத்தும் வழக்கத்தை விசாரணைக் குழு வெளிப்படையாகவே குறைகூறியது. விரிவாக ஆராய வேண்டியதைக் கட்டுரையாக எழுதித் தருவதே முறை. திரை அதற்குரிய இடமன்று.

தமிழில் வில்லை அமைப்போர்க்குத் தனிக் கவனமும் தேவை. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. மெல்லிய எழுத்துருவில், வெளிறிய வண்ணத்தில் எழுதினால் கடைசி இருக்கைக்குப் புள்ளி தெரியாது. ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். ஒருங்குறி எழுத்துருவில் அமையாதது வேறொரு கணினியில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறும். (எழுத்துகளைச் சுழன்று வரச் செய்யும் வித்தைகளைப் பற்றிப் பேசாதிருப்பதே நன்று.) உரைக்கு முன்பே கடைசி இருக்கையில் அமர்ந்து திரையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில் மலையூர்களில் மின்தடை புதிதன்று. துளைப்பான் குடைந்த காப்பித் தண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்த மாணவர், திரை இருண்ட பின்னும் பேச்சைத் தொடர்வார்.