திருத்தம் வந்துவிட்டதாம்!

தரவுத்தள வழங்கிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 2003 ஜனவரி 25ஆம் நாளைச் சான்று காட்டுவோர் ஒன்றைத் தவறாமல் சொல்கின்றனர்: திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளிவந்துவிட்டது, அதைப் போடாதவர்களே குற்றவாளிகள். நாம் இதை ஏற்பதற்கில்லை. தமிழ் பயிற்றுவிப்போருக்கு இதில் என்ன வழக்கு என்று நண்பர்கள் கேட்கலாம். பிழை மலிந்த நூலை விற்றுவிட்டுப் பழியை வாசகன் தலையில் கட்டுவது எத்துறையில் நிகழ்ந்தாலும் நமக்கு உறுத்தத்தான் செய்கிறது.

மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2000 மென்பொருளில், எந்தத் தரவுத்தளம் எங்கே இருக்கிறது என வழிசொல்வதற்காக 1434ஆம் எண் வாயிலில் காத்திருக்கும் சிறு சேவை ஒன்று உண்டு. வரும் செய்தியின் நீளத்தை அது அளக்கவில்லை; கடவுச்சொல்லும் கேட்கவில்லை. படி கொள்ளாத நெல் தரையில் சிந்தும். இங்கே சிந்தியதோ நினைவகத்தில் கட்டளையாகி அமர்ந்து கணினியையே ஆண்டது. டேவிட் லிட்ச்ஃபீல்ட் இதைக் கண்டறிந்து அறிவித்தபின் 2002 ஜூலையில் திருத்தம் வந்தது.

ஸ்லாமர் என்ற அந்தப் புழு 376 பைட்டுகளே; இப்பத்தியின் அளவுகூட இல்லை. தொடக்கத்தில் எட்டரை நொடிக்கொரு முறை இரட்டித்து, பத்தே நிமிடங்களில், சிக்கக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதைப் பற்றிக்கொண்டது. தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் பாங்க் ஆஃப் அமெரிக்காவின் பணப்பொறிகள் நின்றன. ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு அளவைகளைக் காட்டும் கணினி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலிழந்தது. உலை அப்போது நிறுத்தப்பட்டிருந்தது, நல்வாய்ப்பு.

சரி, திருத்தம் போடாதவர் யார்? இதே தரவுத்தளப் பொறி எம்எஸ்டிஇ என்னும் பெயரில் வேறு பல மென்பொருள்களின் வயிற்றுக்குள் வைத்து விற்கப்பட்டது. வாங்கியவர் பலருக்குத் தம் கணினியில் அது இருப்பதே தெரியாது. நம் பழைய பதிப்புகளில் பிழைதிருத்தப் பட்டியலாவது கடைசித் தாளில் ஒட்டப்பட்டிருக்கும். (அதைப் புரட்டிப் பார்ப்போர் எத்தனை பேர் என்பது வேறு கதை.) கையிலுள்ள நூலுக்குள் இன்னொரு நூல் கட்டப்பட்டிருப்பதையே அறியாதவன் எந்தப் பட்டியலை எங்கே தேடுவான்? போகட்டும், அறிந்தவர்களாவது தப்பினார்களா? திருத்தத்தை எழுதிய மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வலையமைப்பிலேயே புழு புகுந்தது! தமக்கே கைவராத ஒழுக்கத்தை ஊரார் மீது சுமத்துவது என்ன நியாயம்?

மாதிரி நிரலை வெளியிட்டார் என்று லிட்ச்ஃபீல்டைச் சாடுவோரும் உளர். புழுவில் தம் நிரலின் சாயல் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். அவர் வாளாவிருந்திருந்தால் மட்டும் அந்தச் சேவை நீளத்தை அளக்கத் தொடங்கியிருக்குமோ?

எஸ்க்யூஎல் சர்வர் 2005 வெளிவந்தபோது, அந்த வழிசொல்லும் வேலை தனிச் சேவையாகப் பிரிக்கப்பட்டது. எம்எஸ்டிஇயின் இடத்துக்கு வந்த எக்ஸ்பிரஸ் பதிப்பில், வெளியிலிருந்து வருவதற்கான வாயில்கள் முதலிலேயே அடைக்கப்பட்டிருந்தன, வேண்டுவோர் திறந்துகொள்ளலாம். 2000இலும் அப்படியே தந்திருக்கலாமே, தடுத்தவர் யார்?