மூன்று கல், ஒரு குடம் தண்ணீர்

மாசி பிறந்தால் போதும், குலதெய்வம் கோயிலுக்கு வேன் பேசும் வேலை பல வீடுகளில் தொடங்கிவிடும். சிலருக்கு மகா சிவராத்திரி, சிலருக்குப் பங்குனி உத்திரம். கோயில் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையிலோ காட்டு ஓரத்திலோ இருக்கும். அங்கே மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைக்க வேண்டும். பாட்டிகள் இருந்தவரை அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. கேஸ் அடுப்பைத் திருகியே பழகிய தலைமுறைக்கு அதுதான் இப்போது பெரிய பரீட்சை. அரை மணி நேரம் ஊதி, கண் எரிந்து, கடைசியில் யாராவது ஒருவர் வண்டியிலிருந்து பெட்ரோல் எடுக்கக் கிளம்புவார்.

அவரை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் பரவும். தீ பட்டதும் ஊற்றியவர் கையிலிருக்கும் பாட்டில் வரை ஏறிவிடும். மண்ணெண்ணெய், சானிடைசர் எதுவும் வேண்டாம். கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் கற்பூரம் இருக்கிறதே, அதில் இரண்டு வில்லை போதும்.

இடமும் கல்லும்

முதலில் இடம். தாழ்ந்த கிளை, வைக்கோல், பந்தல், நிறுத்திய வண்டி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மரத்தடி நிழல் சுகம்தான்; ஆனால் வேர்மேல் தீ மூட்டினால் மரம் பட்டுப்போகும். அடுப்பைச் சுற்றி 10 அடிக்குச் சருகையும் காய்ந்த புல்லையும் கூட்டித் தள்ளி, வெறும் மண் தெரியும்படி செய்ய வேண்டும்.

கல் மூன்றும் ஒரே உயரத்தில், காய்ந்ததாக இருக்கட்டும். ஆற்றிலும் குளத்திலும் கிடந்து நீர் ஊறிய கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கலாம். கல்லை மண்ணில் அழுத்திப் பதித்து, தீ மூட்டும் முன்பே தண்ணீர் நிறைந்த பானையை ஏற்றி ஆட்டிப் பார்த்துவிட வேண்டும். ஆடும் கல்லைப் பால் பொங்கும்போது சரிசெய்ய முடியாது.

காற்று சமைப்பவரின் முதுகுப் பக்கமிருந்து வந்தால் புகையும் தீயும் அவரை விட்டு விலகிப் போகும். கிழக்கு பார்த்துத்தான் அடுப்பு வைப்போம் என்கிற வீட்டார், காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பாக வைத்துக்கொள்ளலாம்.

சின்னத் தீயே போதும்

ஒடித்தால் ‘படக்’கென்று முறிவது காய்ந்த விறகு. வளைவது பச்சை, அது முதலில் தன் ஈரத்தைக் காய வைக்கவே சூட்டைச் செலவழிக்கும், அதனால்தான் அத்தனை புகை. தேங்காய் நார் அல்லது பன்னாடை, அதன்மேல் கற்பூரம், அதற்கு மேல் விரல் பருமனுக்கும் குறைவான சுள்ளி. சுள்ளி நன்றாகப் பிடித்த பிறகே கட்டை விரல் பருமன் விறகு. சீமைக் கருவேலம் நின்று எரியும், நல்ல கங்கு விழும். அரளிக் குச்சியை மட்டும் தொடவே கூடாது. அதன் புகையும் நஞ்சு. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டுகளும் வேண்டாம்.

தீ பிடிக்காததற்குப் பெரும்பாலும் விறகு குறைவு காரணமில்லை, அடைத்து வைத்ததுதான் காரணம். விறகுகளுக்கு இடையே காற்று போக வழி வேண்டும். எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் என்ற பழமொழி இந்த அடுப்பில் அப்படியே சமையல் குறிப்பு. விறகை உள்ளே தள்ளினால் தீ கூடும், வெளியே இழுத்தால் குறையும். பானை வாய் வரை ஏறும் தீ சோற்றுக்கு ஆகாது, சமைப்பவருக்கும் ஆகாது.

பானையின் அடியில் ஈரச் சாம்பலோ களிமண்ணோ பூசிவிட்டால் கரி எளிதாகப் போகும். சமைப்பவர் பருத்தி உடுத்தி, முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்வது நல்லது. நைலான், பாலியஸ்டர் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அணைப்பதுதான் கடைசி வேலை

தவறு அதிகம் நடப்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான். கங்கின்மேல் மண்ணைத் தள்ளிவிட்டு வேனில் ஏறிவிடுவார்கள். மண்ணுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் சூடு ஆறாமல் இருக்கும். மேலே பார்த்தால் வெறும் மண். அடுத்து வரும் குடும்பத்தின் குழந்தை வெறுங்காலோடு அதில்தான் ஓடும். காற்று கிளப்பினால் அதே கங்கு புல்லுக்கும் போகும்.

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில், சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து, 23 பேர் உயிரிழந்தார்கள். மாசி, பங்குனியில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதற்கு அது ஒன்றே போதும். குலதெய்வ வழிபாடும் அதே மாதங்களில்தான் வருகிறது. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படியும் குற்றம்.

அதனால் தீப்பெட்டியை எடுக்கும் முன்பே ஒரு குடம் தண்ணீர் அடுப்பின் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைக் குடிக்கவோ கை கழுவவோ எடுக்கக் கூடாது. சமையல் முடிந்ததும் விறகைப் பிரித்துப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று தண்ணீர் தெளிக்க வேண்டும். அருகில் நின்றால் ஆவி அடிக்கும். பிறகு குச்சியால் கிளறி மறுபடி தண்ணீர். ‘உஸ்’ சத்தம் நிற்கும்வரை இதேதான். கடைசியாகப் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னொரு முறை.

யாருக்காவது சுட்டுவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இங்க், பேஸ்ட், ஐஸ் எதுவும் கூடாது. காயம் பெரிதென்றால் 108-ஐ அழைத்துவிடலாம்.

அடுத்த பயணத்துக்கு அரிசி, வெல்லம், முந்திரி என்று பட்டியல் போடும்போது, முதல் வரியில் அந்தக் குடத்தை எழுதிவிடுவது நல்லது.