சங்கம் சேர முடியாத வேலை

பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி வாங்கிய சேதி 2025 ஜூலையில் வெளிவந்தபோது, விற்றவர்களின் ஒழுக்கத்தை யாரும் கிளறவில்லை. கடன், தறி முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ், வார வட்டி என்று காரணங்களைத்தான் எழுதினோம். சரியாகத்தான் எழுதினோம். அதே கடனுக்காக நாமக்கல் பக்கம் லாரிகள் நிற்கும் இடத்துக்கு வருகிற பெண்ணைப் பற்றி எழுதும்போது மட்டும் நம் பேனாவுக்குக் கற்பு வந்துவிடுகிறது.

கூலிக்கு உழைக்கும் எல்லோருமே உடலை விற்பவர்கள்தானே என்று சொல்லும் தோழர்களும் உண்டு. மார்க்ஸே 1844 கையெழுத்துப் படிகளில் அப்படியொரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஆனால் அது தொழிலாளியின் நிலையைச் சொல்ல வந்த ஒப்புமை. அந்தப் பெண்ணுக்கு அதனால் பத்து பைசா பிரயோஜனமில்லை.

கடத்தி வரப்பட்டவர்கள், சிறுமிகள் விஷயம் வேறு. அது வேலையே அல்ல, கொடுமை. வயது வந்த, தானே முடிவெடுத்த பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. அவளைத் தறித் தொழிலாளரிடமிருந்து பிரித்து வைப்பது சட்டம். அவர் அட்வான்ஸில் சிக்கினால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைச் சொல்லி மனு கொடுக்கலாம். கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தலாம். (கிடைக்கிறதா என்பது வேறு கதை.) அவளுக்கு இருப்பதோ 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம். உடலுறவுக்குக் காசு வாங்குவதை அது நேரடியாகக் குற்றமாக்கவில்லை. ஆனால் துணைக்கு ஆள் இருக்கட்டும் என்று இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் தொழில் செய்து பங்கிட்டுக்கொண்டால், 2(அ) பிரிவின்படி அந்த வீடு விபசார விடுதி. பதினெட்டு வயது தாண்டிய மகன், தெரிந்தே அம்மாவின் சம்பாத்தியத்தில் காலேஜ் போனால், 4ஆம் பிரிவின்படி இரண்டு வருடம் வரை உள்ளே போகலாம்.

இன்னொன்று. லாரித் தொழிலில் எய்ட்ஸ் பயம் பரவிய காலத்தில் அரசாங்கத் திட்டத்திலேயே இந்தப் பெண்களுக்கு நிரோத் ஆணுறை கொடுத்தார்கள். கைப்பையைக் கொட்டிப் பார்க்கும் போலீசுக்கு அதே பாக்கெட் சாட்சியமாயிற்று. அப்படிக் கொள்ளக் கூடாதென்று சொல்வதற்கு, 2022 மே 19இல், புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

கொல்கத்தா சோனாகாச்சியில் இதே தொழில் செய்யும் பெண்கள் 1995லேயே துர்பார் என்று தங்களுக்கான அமைப்பைக் கட்டிவிட்டார்கள். நம் விசைத்தறிச் சங்கங்களும் லாரித் தொழிலாளர் சங்கங்களும் குறைந்தபட்சம் ஒரு தீர்மானமாவது போடட்டும்: சேர்ந்து தொழில் செய்வதையும் அம்மா காசில் பிள்ளை சாப்பிடுவதையும் குற்றமாக்கும் வாசகங்களை நீக்கு.