குழந்தையின் கையில் நஞ்சு: தடை இருக்கிறது, தடுப்பவர் யார்?

அரியலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகள் நிறைந்த பகுதியில் இருக்கிறது செந்துறை. விருத்தாசலத்திலிருந்து அரியலூருக்குப் போகும் ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன், ஒரு தாலுகா ஆபீஸ், ஒரு கடைத்தெரு. சுற்றுக் கிராமத்து ஜனங்கள் சாமான் வாங்க வருகிற ஊர்.

இந்தக் கடைத்தெருவுக்கு ஒரு தாய் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பில் கைக்குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பையன். கைக்குழந்தைக்கு ஒரு பால் புட்டி வாங்குகிறாள். பையன் அழுது அடம் பிடித்து ஒரு வர்ணப் பொம்மை வாங்கிக்கொள்கிறான். வழியில் ரோஜா நிறத்தில் பஞ்சு மிட்டாய். வீட்டில் இருக்கும் மாமியாருக்குப் பார்சல் டீ, பிளாஸ்டிக் பையில். கூடவே நாலு வடை, பழைய செய்தித்தாளில்.

வாங்கியவை ஐந்து. இந்த ஐந்தைப் பற்றியும் நாட்டில் சட்டமோ விதியோ உத்தரவோ உண்டு. ஆனால் அது அந்தத் தாய்க்குத் தெரியுமா? விற்ற கடைக்காரருக்குத் தெரியுமா? பிரச்னை இங்கேதான் இருக்கிறது.

பஞ்சு மிட்டாயில் சாயம்

முதலில் பஞ்சு மிட்டாயை எடுத்துக்கொள்வோம். அதன் கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்துக்குச் சிலர் கலந்தது ரோடமைன்-பி என்ற சாயம். துணிக்கும் தோலுக்கும் நிறம் ஏற்றுவதற்கு உரிய பொருள் அது. மனிதர் வயிற்றுக்கு உரியது அல்ல. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் இது கண்டுபிடிக்கப்பட்டு, அங்கே விற்பனைக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டிலும் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். சாயம் இருப்பது உறுதியாயிற்று. பிப்ரவரி 17ஆம் தேதி தமிழ்நாடு அரசு தடை போட்டது. அடுத்த மாதமே கர்நாடகமும் தடை போட்டது. அங்கே கோபி மஞ்சூரியனில் சேர்க்கும் செயற்கை நிறமும் அதில் சேர்ந்துகொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சிறிய புதுச்சேரி முதலில் விழித்துக்கொண்டது. பெரிய மாநிலங்கள் பின்னால் வந்தன. உலகத்தில் பல இடங்களிலும் இதே கதைதான்.

பால் புட்டியின் கதை

பளிங்கு போல் தெளிவாக, கீழே விழுந்தால் உடையாமல் இருக்கும் பால் புட்டிகள் ஒரு காலத்தில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டன. அதைத் தயாரிக்க பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனம் வேண்டும். புட்டியில் கொதிக்கும் நீரை ஊற்றினால் அந்த ரசாயனம் சிறிது சிறிதாகக் கசிந்து பாலில் இறங்குகிறது. உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் போல நடிக்கக்கூடியது அது. வளரும் சிசுவின் உடம்பில் இப்படி ஒரு போலி புகுந்தால் என்ன ஆகும் என்று விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள்.

கனடா 2008இல் தடை செய்யப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் மத்திய அரசு யோசித்துக்கொண்டிருந்தபோதே, நியூயார்க் மாநிலத்தின் சபோக் என்ற ஒரு மாவட்டம் 2009இல் தானே சட்டம் போட்டது. அதே ஆண்டில் மின்னசோட்டா மாநிலமும் சட்டம் செய்தது. ஐரோப்பிய நாடுகள் 2011இல் ஒன்றாகத் தடை செய்தன. அமெரிக்க மத்திய அரசு 2012இல்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் கம்பெனிகளே அந்தப் பிளாஸ்டிக்கைக் கைவிட்டிருந்தன! ஒரு மாவட்டம் போட்ட சட்டம் சின்னதுதான். ஆனால் வியாபாரியின் காதில் அது மணி அடித்தது போல் விழுந்தது.

நம் நாட்டில்? முத்திரை இல்லாத பால் புட்டியை விற்கக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்த முத்திரைக்கான தர விதியை 2015இல் திருத்தியபோது பிஸ்பினால்-ஏ விலக்கப்பட்டது. ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத புட்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த மலிவுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டும்.

பொம்மையும் பெயிண்டும்

குழந்தைக்குப் பொம்மை விளையாட்டுச் சாமான் மட்டும் அல்ல. அதைக் கடித்தும் சப்பியும் பார்க்கும். வர்ணத்தில் ஈயம் இருந்தால் அது நேரே வயிற்றுக்குப் போகிறது. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும், பெரியவர் உடம்பு ஏற்பதைப்போல நாலைந்து மடங்கு குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஈயம் போன்ற உலோகங்களுக்கும், பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற ரசாயனங்களுக்கும் அந்தத் தர விதிகளில் வரம்பு உண்டு. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. வீட்டுப் பெயிண்டிலும் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது.

சூடான டீயும் வடையும்

இனி பார்சலுக்கு வருவோம். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனங்கள் உணவுக்குள் இறங்குவது சுலபம். தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் உத்தரவு போட்டு, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. பிளாஸ்டிக் பை, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் அதில் அடக்கம். குப்பையைக் குறைப்பதற்காக வந்த உத்தரவுதான். ஆனால் வயிற்றுக்கும் அது நன்மையே. காகிதக் கப் உற்பத்தியாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அந்தத் தடை சரியே என்று கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

வடை கட்டும் செய்தித்தாளும் அப்படித்தான். அச்சு மையில் உள்ளதெல்லாம் எண்ணெயோடு சேர்ந்து பலகாரத்தில் ஒட்டிக்கொள்ளும். உணவுப் பொட்டலத்துக்கு செய்தித்தாள் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் மத்திய விதிகளே சொல்கின்றன.

ஓட்டை எங்கே?

சட்டம் இத்தனை இருந்தும் பார்சல் டீ ஏன் இன்னும் பையில் வருகிறது? டீக்கடைக்காரரைக் குறை சொல்வது எளிது. "பாத்திரம் கொண்டு வாங்கம்மா என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்" என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இல்லையா? பையைத் தயாரிப்பவரையும் மொத்த வியாபாரியையும் விட்டுவிட்டு, கடைசியில் நிற்கும் ஏழைக் கடைக்காரரிடம் மட்டும் அபராதம் வசூலித்தால், பை மேஜையிலிருந்து மேஜைக்குக் கீழே போகுமே தவிர, ஊரை விட்டுப் போகாது.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. பிஸ்பினால்-ஏ கூடாது என்றதும் சில தயாரிப்பாளர்கள் அதன் தம்பியான பிஸ்பினால்-எஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் ஹார்மோனைக் குழப்பும் குணம் உடையதே. இதைக் கண்டுதான் ஐரோப்பா 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பாத்திரங்களில் பிஸ்பினால்-ஏயோடு அதன் ஆபத்தான உறவினர்களையும் சேர்த்துத் தடுக்கும் விதியை வெளியிட்டது. பெயரைத் தடை செய்தால் போதாது. குணத்தைத் தடை செய்ய வேண்டும். நம் சட்டங்களும் அந்த வழியில் போக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

அரசாங்கம் செய்ய வேண்டியது மூன்று. தயாரிக்கும் இடத்திலேயே தடுப்பது. திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் அடிக்கடி மாதிரி எடுத்துப் பரிசோதித்து முடிவை ஜனங்களுக்குச் சொல்வது. சின்னக் கடைக்காரருக்கு வாழை இலையும் தையல் இலையும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வழி செய்வது. மாவட்டந்தோறும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களிடம் புகார் கொடுக்க எந்தத் தாய்க்கும் உரிமை உண்டு.

தாய் செய்ய வேண்டியதும் மூன்றுதான். புட்டியிலும் பொம்மையிலும் முத்திரையைத் தேடுவது. நிறம் கண்ணைப் பறிக்கும் மிட்டாயைத் தள்ளிவைப்பது. டீ வாங்கத் தூக்குவாளி எடுத்துப் போவது. நம் பாட்டிமார்கள் எவர்சில்வர் தூக்கோடு கடைக்குப் போனவர்கள் அல்லவா? அவர்களுக்கு ரசாயனம் தெரியாது. ஆனால் பாத்திரம் தெரியும்.

சென்னையிலும் டில்லியிலும் எழுதிய சட்டம் செந்துறைக் கடைத்தெருவில் அமலாகும்போதுதான் சட்டம் ஆகிறது. சபோக் மாவட்டத்தால் முடிந்தது அரியலூர் மாவட்டத்தால் முடியாதா என்ன?